லாப்ஸ் ஆன பாலிசியும் செல்லாக் காசு அல்ல!

தகப்பனார் மறைந்து காரியங்கள் முடிந்தபின் கல்லாப்பெட்டியைச் சுத்தம் செய்கிறோம். பழைய பேரேடுகளுக்கு அடியில் ஓர் எல்.ஐ.சி. பாலிசி கிடைக்கிறது. "அப்பா பல வருஷமாகப் பணம் கட்டவில்லை, லாப்ஸ் ஆகியிருக்கும்" என்று அதைத் திரும்ப அங்கேயே வைத்துவிடுகிறோம். குன்றத்தூர் கடைத்தெருவில் தந்தை வியாபாரம் பார்க்க, மகன் ஒரகடம் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகும் குடும்பங்களில் அப்பாவின் வரவு செலவு பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. அந்தப் பத்திரத்தை ஒதுக்குமுன் இரண்டு கணக்குப் பாருங்கள்: எத்தனை தவணை கட்டியிருக்கிறார்? கட்டத் தவறிய முதல் தவணைக்கும் மரணத்துக்கும் எவ்வளவு இடைவெளி?

1. சலுகை நாட்கள்: மாதத் தவணைக்கு 15 நாள், காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தவணைக்கு 30 நாளுக்குக் குறையாத ஒரு மாதம். இதற்குள் மரணம் நேர்ந்தால் பாலிசி நடப்பில் உள்ளதாகவே பொருள். பாக்கித் தவணையைக் கழித்து முழுத்தொகை கிடைக்கும்.

2. அதற்குப் பிறகும் பழைய பாலிசிகளுக்கு எல்.ஐ.சி. ஒரு சலுகை தருகிறது. 3 முழு ஆண்டு கட்டியவர், தவறிய முதல் தவணையிலிருந்து 6 மாதத்துக்குள் இறந்தாலும், 5 முழு ஆண்டு கட்டியவர் 12 மாதத்துக்குள் இறந்தாலும், பாக்கியைக் கழித்து முழுத்தொகை வழங்குவார்கள்.

3. இதையும் தாண்டிவிட்டதா? 'பெய்டு-அப்' மதிப்பு இருக்கிறது. பழைய பாலிசிகளில் பொதுவாக 3 ஆண்டு கட்டியிருந்தால் போதும். உதாரணமாக, 1 லட்ச ரூபாய்க்கு 20 வருடம், காலாண்டுத் தவணை. மொத்தம் 80 தவணை. 36 தவணை கட்டி நின்றுவிட்டால், 1,00,000 × 36 ÷ 80 = 45,000 ரூபாய். அதுவரை சேர்ந்த போனஸும் உண்டு. பாலிசியின் பேரில் கடன் வாங்கியிருந்தால் வட்டியோடு கழிப்பார்கள். கடைக் கடனுக்காக வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்தால் வங்கிக்கே முதல் உரிமை. சேமிப்பு இல்லாத 'டேர்ம்' பாலிசிக்கு இந்த மதிப்பு கிடையாது.

பத்திரத்தில் உள்ள கிளைக்கு எழுதி, கணக்கு நிலையை எழுத்து மூலம் கேளுங்கள். அசல் பத்திரம், இறப்புச் சான்று, 3783 எண் படிவம், நாமினியின் அடையாளச் சான்று, வங்கிப் பாஸ்புக் ஆகியவை தேவை. நாமினி முன்பே இறந்திருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றுக்கு மனுச் செய்யுங்கள். சில இனங்களில் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்றும் கேட்பார்கள். பத்திரம் தொலைந்தால் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதித் தரலாம்.

கேட்பாரற்று 10 ஆண்டு கிடந்த தொகை, மத்திய அரசின் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடும். போன பிறகும் 25 ஆண்டு வரை உரியவர் கேட்டுப் பெறலாம்.

கோரிக்கையை மறுத்தாலோ, புகார் கொடுத்து ஒரு மாதம் பதில் இல்லையென்றாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

கடைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "ஏஜெண்ட் நம்ம வாடிக்கையாளர்தானே" என்று கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். 1987-இல் ஒருவர், தலா 25,000 ரூபாய்க்கான நான்கு பாலிசிகளின் தவணைக்கு ஏஜெண்டிடம் செக் கொடுத்தார். ஏஜெண்ட் அதை அலுவலகத்தில் கட்டியதோ, அவர் விபத்தில் இறந்த மறுநாள்! தவணையை வசூலிக்க ஏஜெண்டுக்கு அதிகாரம் இல்லை, எனவே பாலிசி லாப்ஸ்தான் என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்குக்குப் பில் கேட்கும் நாம், பிரீமியத்துக்கும் கழகத்தின் ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்று இரவு கடை அடைத்ததும் உங்கள் பாலிசியை எடுத்து, கடைசி ரசீதையும் நாமினி பெயரையும் சரிபாருங்கள். பத்திரம் இருக்கும் இடத்தை வீட்டில் சொல்லி வையுங்கள்.