பேரருவிக்கு முன்னால் ஓர் அலெக்ஸா!

கறுப்புப் பெட்டியின் கொக்கிகள் டக் டக்கென்று விடுபட்டன. உள்ளே, ஸ்பாஞ்சுக் குழிக்குள் தொட்டில் பிள்ளை மாதிரி படுத்திருந்தது அலெக்ஸா மினி. ஜெர்மனியின் ஆரி நிறுவனம் 2015-இல் கொண்டுவந்த சினிமா கேமரா. லென்ஸும் பேட்டரியும் மாட்டாமல் வெறும் உடம்பு 2.3 கிலோதான். இத்தனூண்டு பெட்டியா தியேட்டர் திரையின் அத்தனை அகலத்தையும் நிரப்புகிறது! "தொட்டுப் பாருங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார் கேமராவோடு சென்னையிலிருந்து வந்திருந்த யூனிட் தம்பி. தொட்டேன். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜூலை மாதம், குற்றாலத்தில் சீசன். இரண்டே நாள், ஒரே கேமரா, மூன்று வேலை. விளம்பரப் படத்துக்கு அருவி, பாட்டு வீடியோவுக்குச் சூரியகாந்தி வயல், ஆவணப்படத்துக்குப் பரோட்டா கடை. மூன்றிலும் கூடவே நிற்க எனக்கு இடம் கொடுத்தார்கள்.

விடியற்காலை, பேரருவி

சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், சூடம். பூஜை முடிந்ததும் கேமராவுக்கு மழைக்கோட்டு மாட்டினார்கள். ஏசி அறையிலிருந்து நேராகக் கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படியும் என்று, அரை மணி நேரம் முன்பே பெட்டியைத் திறந்து வைத்துக் குற்றாலக் காற்றுக்குப் பழக்கியிருந்தார்கள். குளிப்பவர்கள் யாரும் படத்தில் விழக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. அதனால் ஃபிரேம் முழுக்கத் தலைகளுக்கு மேலே, அருவியின் நெஞ்சுப் பகுதியில்.

உங்கள் செல்போனில் பேரருவியை எடுத்துப் பாருங்கள். பாறை நன்றாகத் தெரிந்தால் தண்ணீர் சுண்ணாம்பு பூசிய சுவராகிவிடும். தண்ணீர் நன்றாக வந்தால் பாறை கரிக்கட்டையாகிவிடும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் இங்கே அவ்வளவு தூரம். அலெக்ஸா மினி 14 ஸ்டாப்புக்கு மேல் தாங்கும். ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளி இரட்டிப்பாவது என்று கணக்குப் போட்டால், இருட்டு மூலைக்கும் வெளிச்ச முனைக்கும் நடுவே 16,000 மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் இரண்டையும் ஒரே படத்தில் பிடித்துவிடும்!

மானிட்டரில் முதலில் வந்த படம் நீராகாரம் மாதிரி வெளிறிக் கிடந்தது. அதுதான் லாக் பதிவு. நிறமும் மாறுபாடும் கூட்டாமல், கிடைத்த ஒளி விவரம் அத்தனையையும் பத்திரமாக மூட்டை கட்டி வைக்கும் முறை. உதவி ஒளிப்பதிவாளர் ஒரு பட்டனைத் தட்டி லட் என்ற நிறக்கணக்கை ஏற்றினார். அடடா! பாறையில் பாசியின் பச்சை, இடுக்கில் ஒட்டிய செடி, தண்ணீருக்குள்ளேயே நூல் நூலாகத் தனி இழைகள்!

அடுத்து ஸ்லோ மோஷன். நொடிக்கு 200 ஃபிரேம். வழக்கமான 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் ஒரு நொடி எட்டு நொடிக்கு மேல் நீளும். பேரருவி மேலிருந்து நேரே தரைக்கு வருவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைத் தொட்டியில் விழுந்து, நிரம்பி, அங்கிருந்து மறுபடி பாய்கிறது. இத்தனை வருஷமாக நான் சொல்லிவந்த அந்தப் பெயரின் அர்த்தத்தை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். தண்ணீர் விழுவதற்கு முன் ஒரு மூச்சு மேலே எழும்புகிறது, உலையில் பால் பொங்குவது போலவே!

எண்ணெய்க் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் வந்த மசாஜ்காரப் பெரியவர் ஒருவர் மானிட்டரை எட்டிப் பார்த்தார். துளித்துளியாகப் பிரிந்து, உருண்டு, ஒன்றையொன்று முட்டி உடைந்து இறங்கும் தண்ணீரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏ அண்ணாச்சி, இதா இத்தன வருசமா எந் தலையில விழுந்துச்சு?" என்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டார்கள்.

நண்பகல், சுந்தரபாண்டியபுரம்

சாரல் இங்கே காற்றாக மட்டும் வருகிறது. கண்ணுக்கெட்டிய மட்டும் மஞ்சள். உச்சி வெயிலில் நாயகியின் முகம் மட்டும் கூர்மையாக, பின்னாலிருக்கும் பூக்கள் எல்லாம் மஞ்சள் வட்டங்களாகக் கரைய வேண்டுமாம். அதற்கு லென்ஸின் துவாரத்தை அகலத் திறக்க வேண்டும். திறந்தால் வெயில் வெள்ளமாக உள்ளே வரும். இங்கேதான் வித்தை! கேமராவின் வயிற்றுக்குள்ளேயே ஒளியைக் குறைக்கும் என்டி கண்ணாடிகள் இருக்கின்றன. ஒரு பட்டன், மெல்லிய சர்ர் ஓசை, 2.1 என்டி வந்து உட்கார்ந்தது. வெளிச்சத்தில் 128-இல் ஒரு பங்குதான் சென்சாருக்குப் போகும். அதுவும் போதாமல் லென்ஸ் முன்னால் இன்னொரு ஃபில்டரைச் செருகினார்கள். மஞ்சள் கரைந்தது. நான் கை தட்டிவிட்டேன், நல்லவேளை ஒத்திகைதான்.

இந்த ஊருக்கு சினிமா புதிதில்லை. 'ரோஜா' நாயகியின் சொந்த ஊர், கதைப்படி இதே சுந்தரபாண்டியபுரம். 2005-இல் வந்த 'அந்நியன்' படத்துக்காக முகங்கள் தீட்டிய பாறைகளை இன்றும் தேடி வந்து பார்க்கிறார்கள். அது ஃபிலிம் காலம். 400 அடிச் சுருள் நாலரை நிமிஷத்தில் தீர்ந்துவிடும். எடுத்தது எப்படி வந்தது என்பது லேபில் கழுவிய பிறகுதான் தெரியும். அதே காலத்தில்தான் பி.சி. ஸ்ரீராமின் 'வானம் வசப்படும்' (2004), கமல்ஹாசனின் 'மும்பை எக்ஸ்பிரஸ்' (2005) என்று தமிழ் சினிமா டிஜிட்டலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டது. 2009-இல் 'உன்னைப்போல் ஒருவன்' ரெட் ஒன் கேமராவில் வந்தது. இன்று வயல் வரப்பில் நின்றபடியே நாயகி தன் ஷாட்டைப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு போலாம் சார்" என்கிறார்.

இரவு, செங்கோட்டைச் சாலை

டாலி இல்லை, கிரேன் இல்லை. கேமரா இப்போது தோளில். பரோட்டா கடைக்குள் மூன்றே பேர்: ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், ஒயர்லெஸ் சக்கரத்தைத் திருகும் ஃபோகஸ் புல்லர். மாஸ்டரின் கை முன்னே வந்தால் ஃபோகஸும் முன்னே. மாவு பறந்து விரிந்தால் ஃபோகஸும் விரலோடு பறக்கும். கொத்துக் கரண்டியின் தாளத்துக்கே அந்தச் சக்கரம் ஆடுவது போலிருந்தது!

கடை முழுக்க டியூப் லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய டியூப் நொடிக்கு 100 தடவை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும், படம் படபடக்கும். ஷட்டர் கோணத்தை 180-இலிருந்து 172.8 டிகிரிக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக நொடியில் 50-இல் ஒரு பங்கு நேரம் ஒளி வாங்கும், அதாவது முழுசாக இரண்டு துடிப்பு. படபடப்பு நின்றுவிட்டது! சால்னா ஆவி மட்டும் சுருள் சுருளாக எழும்பிக்கொண்டிருந்தது.

லாட்ஜ் அறையில் நள்ளிரவு தாண்டியும் லேப்டாப் ஓடியது. கார்டில் இருப்பதை இரண்டு டிஸ்க்கில் நகலெடுத்து, இரண்டையும் சரிபார்த்த பிறகே கார்டை அழிப்பார்கள். அருவி, பூ, மாவு. இரண்டு நாளின் மூன்று உலகங்களும் உள்ளங்கை அகல டிஸ்க்கில் அடுத்தடுத்து ஏறின.

காலையில் யூனிட் வண்டி கிளம்பியதும் துண்டை எடுத்துக்கொண்டு பேரருவிக்குப் போனேன். வழக்கமாக, தலையில் தண்ணீர் விழுந்ததும் கண்ணை மூடிக்கொள்வேன். அன்று அருவிக்குள் போகாமல் ஓரத்தில் நின்று, சாரல் முகத்தில் அடிக்க அடிக்க, பொங்குமாங்கடலைப் பார்த்தபடி கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தேன். தண்ணீர் எழும்புவது தெரிந்தது.