வலயமுறை வெப்பமூட்டலும் குளிரூட்டலும்

வலயமுறை வெப்பமூட்டலும் குளிரூட்டலும் என்பது, ஒரு வீட்டை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் வெப்பநிலையையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் முறை ஆகும். இவ்வாறு பிரிக்கப்படும் பகுதி வலயம் எனப்படுகிறது. ஒவ்வொரு வலயத்துக்கும் தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பநிலைச் சீராக்கி ஒன்று பொருத்தப்படுகிறது. நடுவண் இயந்திரம் ஒன்றிலிருந்து காற்றுக் குழாய்கள் வழியாக வீடு முழுவதற்கும் சூடான அல்லது குளிர்ந்த காற்றை அனுப்பும் வழக்கம் பரவலாக உள்ள ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் இம்முறை அதிகக் கவனம் பெறுகிறது. வீட்டின் பகுதிகள் தமது தேவையில் உண்மையாகவே வேறுபடும்போது இம்முறை பயன் தருகிறது. வீட்டின் கட்டுமானக் குறைகளை ஈடுசெய்வதற்காக மட்டும் நிறுவப்படும்போது, அது செலவையும் பழுதையும் கூட்டக்கூடும்.

பின்னணி

வட அமெரிக்கத் தனிவீடுகள் பலவற்றில், நிலவறையிலோ கூரையடி அறையிலோ வெப்ப உலை ஒன்று அமைந்திருக்கும். கோடைக்கான குளிரூட்டும் சுருளும் அதனுடனேயே இணைக்கப்பட்டிருக்கும். ஒரே ஊதுவிசிறி, ஒரே குழாய்த் தொகுதி வழியாக எல்லா அறைகளுக்கும் காற்றைச் செலுத்துகிறது. வெப்பநிலைச் சீராக்கியும் ஒன்றே. அது பெரும்பாலும் கீழ்த்தளத்து நடைவழியில் இருக்கும். அந்த இடத்தின் வெப்பநிலையை மட்டும் கொண்டு இயந்திரம் இயங்குவதால், பிற அறைகளின் நிலை அதற்குத் தெரிவதில்லை.

அறைகளோ ஒன்றுபோல் இருப்பதில்லை. பெரிய கண்ணாடிச் சாளரங்கள் மேற்கு நோக்கி அமைந்த அறை பிற்பகலில் சூடேறுகிறது. கூரைக்கு நேர் கீழேயுள்ள மேல்தளம், கூரை வழியாக வரும் வெயிலின் வெப்பத்தாலும், அடர்த்தி குறைந்த சூடான காற்று மேலெழுவதாலும் கோடையில் கீழ்த்தளத்தைவிட வெப்பமாக இருக்கிறது. மகிழுந்துக் கொட்டிலின் மேல் கட்டப்பட்ட அறை குளிர்காலத்தில் விரைவில் குளிர்கிறது. பயன்பாட்டு நேரமும் வேறுபடுகிறது. பகலில் ஆளில்லாத படுக்கையறைகளும் இரவில் ஆளில்லாத கூடமும் ஒரே அளவில் சூடாக்கப்படுகின்றன. அமெரிக்க வீடுகளில் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி வெப்பமூட்டலுக்கும் குளிரூட்டலுக்கும் செல்வதால், இந்த வீண் செலவு சிறியதன்று.

வரலாறு

நடுவண் வெப்பமூட்டல் பரவுவதற்கு முன்னர், கணப்படுப்பு உள்ள அறை மட்டுமே சூடாக்கப்பட்டது. அவ்வகையில் பழைய வீடுகள் இயல்பாகவே வலயங்களாகப் பிரிந்திருந்தன எனலாம். சப்பானில் போர்வையிட்ட தாழ்வான மேசையின் அடியில் மட்டும் வெப்பமூட்டும் கொதாட்சு இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

தன்னியக்கக் கட்டுப்பாடு 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது. விஸ்கொன்சின் மாநிலத்தின் வைட்வாட்டர் நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த வாரன் ஜான்சன், 1883 இல் மின்சார வெப்பநிலைச் சீராக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை பணியாளர் வகுப்பறைக்குள் வந்து வெப்பநிலையைப் பார்த்துச் சென்ற பின்னரே உலையறையில் தடுப்பிதழ்களைச் சரிசெய்ய முடிந்தது. ஜான்சனின் கருவி, வகுப்பறையின் நிலையை உலையறையில் மணியொலித்து அறிவித்தது. 1895 இல் அவர் காப்புரிமை பெற்ற காற்றழுத்தக் கட்டுப்பாட்டு முறை, ஒவ்வோர் அறையின் வெப்பநிலையையும் தனியே கட்டுப்படுத்த வழிசெய்தது.

ஐரோப்பாவில் சூடான நீர் ஓடும் ரேடியேட்டர்களே பரவலாக இருந்தமையால் வளர்ச்சி வேறு வழியில் சென்றது. டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனத்தை நிறுவிய மேட்ஸ் கிளவுசன், 1943 இல் ரேடியேட்டரிலேயே பொருத்தும் தன்னியக்க வால்வை உருவாக்கினார். 1982 இல் சப்பானின் டைக்கின் நிறுவனம், ஒரே வெளியலகிலிருந்து பல உள்ளலகுகளுக்குத் தேவைக்கேற்ற அளவில் குளிர்பதனப் பாய்மத்தை அனுப்பும் முறையைப் பெரிய கட்டடங்களுக்காக அறிமுகப்படுத்தியது.

அமைப்பும் செயற்பாடும்

காற்றுக் குழாய்களைக் கொண்ட வலயமுறையின் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

* வெப்பநிலைச் சீராக்கிகள் - வலயத்துக்கு ஒன்று வீதம் சுவரில் பொருத்தப்படுபவை.
* தடுப்பிதழ்கள் - டாம்பர் எனப்படும் இவை, குழாய்க்குள் சிறு மின்னோடியால் திறந்து மூடும் தகடுகள் ஆகும்.
* கட்டுப்பாட்டுப் பலகை - சீராக்கிகளின் குறிப்புகளைப் பெற்று, தடுப்பிதழ்களையும் இயந்திரத்தையும் இயக்கும் மின்னணுப் பலகை.
* நடுவண் இயந்திரம் - வெப்ப உலை, குளிரூட்டி அல்லது இரு பணிகளையும் செய்யும் வெப்ப எக்கி.

ஒரு வலயம் காற்றைக் கோரும்போது, பலகை அவ்வலயத்தின் தடுப்பிதழைத் திறந்து, பிறவற்றை மூடி, இயந்திரத்தை இயக்குகிறது. ஒரு வலயம் வெப்பத்தையும் மற்றொன்று குளிரையும் ஒரே நேரத்தில் கோரினால், நடுவண் இயந்திரம் இரண்டையும் ஒருங்கே தர இயலாது. பலகை ஒன்றன்பின் ஒன்றாகவே அவற்றை நிறைவேற்றும்.

காற்றோட்டச் சிக்கல்

வலயமுறையின் அடிப்படைச் சிக்கல், வழிகள் மூடப்பட்டாலும் இயந்திரத்தின் ஆற்றல் குறையாமையே ஆகும். குளிரூட்டியின் திறன் டன் என்னும் அலகில் அளக்கப்படுகிறது. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிரித்தானிய வெப்ப அலகு, அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாட்டு வெப்பத்தை அகற்றும் திறன். ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 கன அடி காற்று சுருளின் மீது பாய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எனவே 3 டன் குளிரூட்டிக்கு நிமிடத்துக்கு 1,200 கன அடி காற்று தேவை. படுக்கையறை வலயத்தின் குழாய் 300 கன அடியை மட்டுமே ஏற்கும் எனக் கொண்டால், அவ்வலயம் மட்டும் திறந்திருக்கும்போது எஞ்சிய 900 கன அடிக்குச் செல்ல வழியில்லை.

இதன் விளைவுகள் பல. குழாய்களில் அழுத்தம் உயர்ந்து இரைச்சலும் கசிவும் கூடும். குளிரூட்டும் சுருளில் போதிய காற்றுப் படாமையால் அதன்மீது பனி உறையக்கூடும். குளிர்காலத்தில் வெப்ப உலை அளவுமீறிச் சூடேறி, அதன் பாதுகாப்பு நிலைமாற்றி இயக்கத்தை நிறுத்தும். சிறு வலயம் சில நிமிடங்களிலேயே குளிர்ந்துவிடுவதால், இயந்திரம் அடிக்கடி நின்று இயங்கும். இது அமுக்கியின் ஆயுளைக் குறைப்பதுடன், காற்றின் ஈரப்பதம் போதிய அளவு அகற்றப்படாமலும் செய்கிறது.

மிகுதிக் காற்றை இயந்திரத்துக்கே திருப்பும் மாற்றுக் குழாய் பழைய தீர்வு ஆகும். ஆனால் குளிர்ந்த காற்றே மீண்டும் சுருளுக்கு வருவதால் திறன் குறைகிறது. பொருத்தமான தீர்வு, தேவைக்கேற்ப வேகத்தை மாற்றும் அமுக்கியும் ஊதுவிசிறியும் கொண்ட இயந்திரமே. கலிபோர்னியா மாநிலத்தின் கட்டட ஆற்றல் விதிகளின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு, ஒற்றை வேக அமுக்கி கொண்ட வலயமுறைகளில் எந்த வலயம் இயங்கினாலும் ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு 350 கன அடிக்குக் குறையாத காற்றோட்டம் இருக்க வேண்டும் என வகுத்தது.

வகைகள்

* தடுப்பிதழ் முறை - மேலே விளக்கப்பட்டது. வீடு கட்டும்போது அமைப்பது எளிது. கட்டிய வீட்டில் குழாய்களை அணுகச் சுவரையோ உட்கூரையையோ உடைக்க வேண்டிவரலாம்.
* இரட்டை இயந்திர முறை - தளத்துக்கு ஒன்றாக இரண்டு தனி இயந்திரங்கள். காற்றோட்டச் சிக்கல் இல்லை. ஒன்று பழுதானாலும் மற்றொன்று இயங்கும். ஆயினும் இரண்டையும் வாங்கிப் பேண வேண்டும்.
* குழாயற்ற பிரிநிலை முறை - அறைக்கு ஓர் உள்ளலகு. காற்றுக் குழாய் இல்லாத வீடுகளுக்கும், புதிதாகச் சேர்த்துக் கட்டிய அறைகளுக்கும் ஏற்றது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அறைக்கொரு குளிரூட்டி வைக்கும் வழக்கமும் விளைவில் வலயமுறையே.
* நீர்வழி முறை - கொதிகலனில் சூடாக்கிய நீரை வால்வுகள் வழியே பகிர்வது. நீரோட்டத்தைக் குறைப்பது எளிது என்பதால் இங்கு வலயப் பிரிப்பு இயல்பாகப் பொருந்துகிறது. இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டல், 150 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய வீடுகளில் நேரம், வெப்பநிலை இரண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்தக்கூடிய இரு வெப்ப வலயங்களையேனும் கோருகிறது.

நிறுவுவது பற்றிய முடிவு

முதலில் அறிய வேண்டியவை

ஓர் அறை மட்டும் எப்போதும் குளிராக இருப்பதற்குக் காரணம் வலயமின்மையாக இல்லாதிருக்கலாம். இணைப்பு விட்டுப்போன குழாய், கூரையடியில் வெப்பக் காப்பின்மை, சாளர இடுக்குகள், மூடிய கதவால் காற்றுத் திரும்ப வழியில்லாமை ஆகியவை வழக்கமான காரணங்கள். அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டத்தின்படி, குழாய்களில் ஓடும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு வரை கசிவால் இழக்கப்படுவது வழக்கமானது. கசிவுள்ள குழாயில் தடுப்பிதழைப் பொருத்தினால் அழுத்தம் கூடிக் கசிவும் மிகும். எனவே கசிவை அடைத்தல், வெப்பக் காப்பு இடுதல் ஆகியவை வலயமுறைக்கு முந்திய பணிகளாகக் கருதப்படுகின்றன.

பயன்படாத அறைகளின் காற்றுத் திறப்புகளைக் கையால் மூடிவிடுவது, செலவில்லா வலயமுறை எனப் பலராலும் எண்ணப்படுகிறது. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2003 இல் வெளியிட்ட ஆய்வு, திறப்புகளை மூடுவதால் குழாய்க் கசிவு அதிகரிப்பதால் சேமிப்புக்கு மாறாக ஆற்றற் செலவு கூடக்கூடும் எனக் காட்டியது.

பொருத்தமான சூழல்கள்

* இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தளங்களுக்கு ஒரே இயந்திரம் உள்ள வீடு
* நாளின் பெரும்பகுதி ஆளில்லாது, ஆனால் கதவால் பிரிக்கத்தக்க பெரிய பகுதி உள்ள வீடு
* முதியவர், கைக்குழந்தை, நோயாளர் ஆகியோருக்கு ஓர் அறையில் மட்டும் வேறு வெப்பநிலை தேவைப்படும் வீடு
* பழைய இயந்திரத்தை எப்படியும் மாற்ற வேண்டிய நேரம்

பொருந்தாத சூழல்கள்

சிறிய ஒருதள வீடு, தடையற்ற திறந்த கூடம் கொண்ட வீடு, நாள் முழுதும் எல்லா அறைகளும் பயன்படும் வீடு ஆகியவற்றில் பயன் குறைவு. வீட்டின் உட்சுவர்களில் பெரும்பாலும் வெப்பக் காப்பு இருப்பதில்லை. ஆகவே சூடாக்காமல் விட்ட அறை, அண்டை அறைகளின் வெப்பத்தை ஈர்த்துக்கொண்டே இருக்கும். ஓர் அறையை முற்றிலும் குளிர விடுவதால் சுவரில் ஈரம் படிந்து பூஞ்சணம் தோன்றலாம். கடுங்குளிர்ப் பகுதிகளில் நீர்க்குழாய் உறைந்து வெடிக்கவும் கூடும். உலக நலவாழ்வு அமைப்பு 2018 இல் வெளியிட்ட வழிகாட்டல், குளிர்காலத்தில் வீட்டினுள் 18 பாகை செல்சியசைப் பாதுகாப்பான கீழெல்லையாகப் பரிந்துரைக்கிறது. ஆட்கள் வாழும் வலயத்தை அதற்குக் கீழே இறக்கிப் பெறும் சேமிப்பு உடல்நலத்துக்குக் கேடாகலாம்.

செலவும் சேமிப்பும்

நாள்தோறும் 8 மணிநேரம் வெப்பநிலையை வழமையிலிருந்து 7 முதல் 10 பாகை பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 4 முதல் 6 பாகை செல்சியசு, மாற்றிவைத்தால் ஆண்டுச் செலவில் 10 விழுக்காடு வரை சேமிக்கலாம் என அமெரிக்க ஆற்றல் துறை கூறுகிறது. இதற்கு நேரம் குறிக்கத்தக்க ஒரு சீராக்கியே போதும். ஆகவே வலயமுறையின் சேமிப்பு எனக் கணக்கிட வேண்டியது, இதற்கும் மேலாகக் கிடைப்பதை மட்டுமே. வெப்ப எக்கி உள்ள வீடுகளில் வெப்பநிலையைப் பெரிதும் இறக்கி மீண்டும் ஏற்றினால், துணை மின்வெப்பி இயங்கிச் சேமிப்பைக் கரைத்துவிடவும் கூடும்.

எடுத்துக்காட்டாக, ஆண்டுச் செலவு 1,200 டாலர், கூடுதல் சேமிப்பு 10 விழுக்காடு, நிறுவும் செலவு 3,000 டாலர் எனக் கொண்டால், ஆண்டுக்கு 120 டாலர் வீதம் முதலீடு திரும்ப 25 ஆண்டுகள் ஆகும். அதற்குள் இயந்திரமே மாற்றப்பட்டுவிடக்கூடும். ஆண்டுச் செலவு 3,600 டாலராக உள்ள பெரிய வீட்டில், அதே நிறுவும் செலவும் அதே விழுக்காட்டுச் சேமிப்பும் எனில், காலம் 9 ஆண்டுகளுக்கும் குறைவு. எனவே நடுத்தர வீடுகளில் வலயமுறை பெரும்பாலும் வசதிக்கான செலவாகவே அமைகிறது; பெரிய வீடுகளிலேயே அது சேமிப்பாகவும் ஆகிறது.

நிறுவ முடிவு செய்வோர், ஒவ்வோர் அறையின் வெப்பச் சுமையையும் தனித்தனியே கணக்கிட்டுத் தருமாறு ஒப்பந்தக்காரரிடம் கோருவது நன்று. அமெரிக்கக் குளிரூட்டல் ஒப்பந்தக்காரர் சங்கம் இதற்கென மேனுவல் ஜே என்னும் கணக்கீட்டு முறையையும், குழாய் அமைப்புக்கு மேனுவல் டி என்பதையும், வலயமுறைக்கு மேனுவல் இசட்ஆர் என்பதையும் வெளியிட்டுள்ளது. மிகச்சிறிய வலயம் மட்டும் திறந்திருக்கையில் எஞ்சும் காற்று எங்கே செல்லும் என்னும் வினாவுக்குத் தெளிவான விடை இல்லாத திட்டம், நிறுவத் தகுந்ததன்று.

இவற்றையும் பார்க்கவும்

* வெப்பநிலைச் சீராக்கி
* வெப்ப எக்கி
* வெப்பக் காப்பு
* குளிரூட்டி