கேம்ஷாஃப்ட் மாற்றினால் பைக்கின் திறன் கூடுமா? டைனோ எண்களை எப்படிப் படிப்பது?

பெங்களூரு: எஞ்சினின் வால்வுகள் எப்போது, எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கேம்ஷாஃப்ட். வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட்டைப் பொருத்தினால், எஞ்சின் வேகமாகச் சுழலும்போது திறன் கூடும்; ஆனால், மெதுவாகச் சுழலும்போது முறுக்குவிசை பெரும்பாலும் குறையும். சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்து செல்பவருக்கு இதனால் லாபம் குறைவே. எனவே உச்சத் திறனை மட்டுமன்றி, டைனோ வரைபடம் முழுவதையும் பார்க்க வேண்டும்.

ராயல் என்ஃபீல்டு 650 மாடல்களுக்குக் குறிப்பிடப்படும் 47 குதிரைத்திறன், எஞ்சினில் கணக்கிடப்படுவது. டைனோ அளப்பதோ பின்சக்கரத்தில். கியர், செயின் உராய்வால் அங்கு எண் குறையும். ஆகவே பழைய கேம்ஷாஃப்ட், புதியது இரண்டையும் ஒரே டைனோவில் சோதிப்பதே சரி.

கேம்ஷாஃப்டுடன் எரிபொருள் அளவை மாற்றும் இசியுவையும் சேர்த்துப் பொருத்துவது வழக்கம். பெங்களூருவின் ரேஸ் டைனமிக்ஸ் நிறுவனம் தயாரிக்கும் பவர்ட்ரானிக் இவ்வகையைச் சேர்ந்தது. இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டால், கூடிய திறனில் கேம்ஷாஃப்ட்டின் பங்கு எவ்வளவு என்பது தெரியாது. இசியுவை மட்டும் பொருத்தி முதலில் ஒருமுறை அளந்துவிட வேண்டும்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளதால், காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. வானிலைத் திருத்தம் செய்யாவிட்டால், எந்த மாற்றமும் செய்யப்படாத அதே பைக், சென்னை டைனோவில் கூடுதல் திறன் காட்டும்.