பூச்செடிக்கு ஜீவசத்தா, ஜலமா?

மனிதனுக்கு நலம் தரும் பொருள் செடிக்கும் நலம் தரும் என்று எண்ணுவது இயல்பே. பூந்தோட்டம் வைத்திருப்போர் சிலர் வைட்டமின் என்னும் ஜீவசத்துக் கலந்த திரவங்களை விலை கொடுத்து வாங்கி இலைகளின்மேல் தெளிப்பதும் இவ்வெண்ணத்தால்தான். இதனால் ரோஜாவும் சாமந்தியும் செழிக்குமா? அமெரிக்க அனுபவம் ஒன்று இதற்குத் தக்க விடையளிக்கிறது.

தயாமின் எனப்படும் பி-1 ஜீவசத்தை 1936-ம் ஆண்டில் செயற்கை முறையில் ஆக்கிக் காட்டியவர், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூரில் பிறந்த ராபர்ட் வில்லியம்ஸ் ஆவார். அடுத்த ஆண்டில் காலிபோர்னியாவின் பாஸடீனா நகரில், ஜேம்ஸ் பானர் என்ற விஞ்ஞானி, செடியினின்று வெட்டியெடுத்த பட்டாணி வேர்கள் இச்சத்தைப் பெற்று வளர்வதைக் கண்டார். 1939-ம் ஆண்டின் இறுதியில் பிரபல பத்திரிகை ஒன்று இதன் மகிமையைப் பெரிதாக்கி எழுதிற்று. தோட்டக்காரரிடையே பி-1 மோகம் தீப்போல் பரவிற்று.

ஆனால் தோட்டத்துச் செடிகளில் முறையாகச் சோதித்தபோது பலனொன்றும் காணப்படவில்லை. பானரும் தமது பழைய நம்பிக்கையைக் கைவிட்டார். உண்மைக்கு முன் தம் கருத்தை விட்டுக்கொடுத்த அப்பண்பு போற்றத்தக்கது. தோல்விக்குக் காரணம் எளிதே. வெட்டுண்ட வேருக்கு இலையில்லை. முழுச் செடியோ தன் இலையிலேயே அச்சத்தை ஆக்கி வேருக்கு அனுப்புகிறது. அதற்கு நாம் ஜீவசத்து வழங்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும்.

வறட்சியில் மட்டும் நிலைமை சிறிது வேறு. நீர் குறைந்தால் இலைத் துளைகள் மூடிக்கொள்கின்றன. அப்பொழுதும் வெயில் விழுவதால் இலைக்குள் தீங்கான பிராணவாயுப் பொருள்கள் பெருகுகின்றன. அவற்றை அடக்குவதில் இலையிலுள்ள சி ஜீவசத்துக்குப் பங்குண்டு. ஆகவே நீர் குறைத்து வளர்த்த சில அலங்காரச் செடிகளில் அதைத் தெளித்தபோது வாட்டம் ஓரளவு தணிந்ததாக அண்மை ஆராய்ச்சிகள் கூறுகின்றன. எனினும் நஷ்டத்தைக் குறைப்பது வேறு. நீரின் இடத்தை நிரப்புவது வேறு.

மிகுந்த நீரும் தீங்கே. சேறான மண்ணில் காற்றின்றி வேர் அழுகும், இலை வாடும். அதைத் தாகமென்று கருதி மேலும் நீரூற்றிச் செடியைக் கொல்வோர் பலர். ஓரங்குல ஆழம் விரலை விட்டுப் பாருங்கள். மண் உலர்ந்திருந்தால் தொட்டியின் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள், ஈரமிருந்தால் காத்திருங்கள்.

இதன் பின்னும் திரவத்தில் ஆசையுள்ளோர் ஒரேவிதமான செடிகளில் பாதிக்கு மருந்தையும் பாதிக்கு வெறும் நீரையும் தெளித்து ஒரு பருவம் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். சீசாவின்மீது ஒட்டிய புகழுரையைக் காட்டிலும் அச்சோதனையே மெய் சொல்லும் என்பது நமது துணிபு.