வாகன எண் தகடும் ரசிகர் அடையாளமும்

வாகன எண் தகடு என்பது ஒரு வாகனத்தின் பதிவெண்ணைத் தாங்கி அதன் முன்னும் பின்னும் பொருத்தப்படும் தகடு ஆகும். பேச்சு வழக்கில் இது 'நம்பர் பிளேட்' எனப்படுகிறது. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் தமக்குப் பிடித்த இசைக்குழு, பாடகர் அல்லது பாடலைக் குறிக்கும் எழுத்துகளைக் கூடுதல் கட்டணம் செலுத்தித் தகட்டில் பெற முடியும். இந்தியாவில் அந்த வசதி இல்லை. இங்கே உரிமையாளர் தேர்ந்தெடுப்பவை பெரும்பாலும் கடைசி நான்கு இலக்கங்களே. ரசிகர்கள் தம் பற்றை அந்த நான்கு இலக்கங்களிலும், வண்டியின் மற்ற பாகங்களிலும்தான் காட்ட முடிகிறது. சிலர் தகட்டிலேயே காட்ட முயன்று அபராதம் கட்டுகின்றனர். சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

பதிவெண்ணின் அமைப்பு

மோட்டார் வாகனச் சட்டம், 1988 நடைமுறைக்கு வந்த 1989ஆம் ஆண்டு முதல் இந்தியா முழுவதும் ஒரே வடிவில் பதிவெண் வழங்கப்படுகிறது. 'டிஎன் 13 ஏஏ 1234' என்பது போன்ற ஓர் எண்ணில் நான்கு பகுதிகள் உள்ளன.

'டிஎன்' என்பது தமிழ்நாட்டைக் குறிக்கும். அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் வண்டியைப் பதிவு செய்த அலுவலகத்தைக் குறிக்கும். அம்பத்தூர் அலுவலகத்துக்கு 13, பூந்தமல்லி அலுவலகத்துக்கு 12. மூன்றாவதாக வருவது வரிசை எழுத்து. ஒரு வரிசையில் 9999 வரை எண்கள் முடிந்ததும் அடுத்த எழுத்து வரிசை தொடங்கும். நான்காவது பகுதி அந்த வரிசைக்குள் வண்டிக்கு உரிய எண்.

வரிசை எழுத்தை உரிமையாளர் பொதுவாகத் தேர்ந்தெடுப்பதில்லை. பதிவு செய்யும் நாளில் எந்த வரிசை ஓடுகிறதோ பெரும்பாலும் அதுவே கிடைக்கும். 'ஏஆர்' வரிசை ஓடும் நாட்களில் வண்டி வாங்கிய ஏ. ஆர். ரகுமான் ரசிகருக்கு அது தற்செயலாக அமைந்த மகிழ்ச்சி மட்டுமே. தமிழ்நாட்டில் 'ஜி' எழுத்து அரசு வாகனங்களுக்கும் 'என்' எழுத்து அரசுப் பேருந்துகளுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. இதனால்தான் மாநகரப் பேருந்துகளின் பதிவெண்ணில் 'என்' அல்லது 'ஏஎன்' இருப்பதைக் காண்கிறோம்.

விருப்ப எண்கள்

கடைசி நான்கு இலக்கங்களை அரசு நிர்ணயித்த கூடுதல் கட்டணம் செலுத்தித் தேர்ந்தெடுக்கலாம். இது 'ஃபேன்சி நம்பர்' எனப்படுகிறது. சில மாநிலங்களில் இவை ஏலம் விடப்படுகின்றன. கேரளத்தில் 2025 ஏப்ரலில் 0007 என்ற எண் சுமார் 46 இலட்சம் ரூபாய்க்கு ஏலம் போனது.

தமிழ்நாட்டில் விருப்ப எண் கேட்போரில் பலர் எண் கணிதத்தை நம்பி 'கூட்டு எண்' பார்ப்பவர்கள். நான்கு இலக்கங்களின் கூட்டுத்தொகை 5 அல்லது 9 வர வேண்டும் என்றும், 8 வரக் கூடாது என்றும் அவர்கள் கேட்பது வழக்கம். பிறந்த நாள், திருமண நாள், பழைய வண்டியின் எண் ஆகியவற்றைக் கேட்போரும் உண்டு.

இசை ரசிகருக்கும் நான்கு இலக்கங்கள் போதுமானவை. ஓர் ஆண்டு அதில் சரியாக அடங்கிவிடும். இளையராஜா 'அன்னக்கிளி' படத்தின் மூலம் அறிமுகமான ஆண்டு 1976. ரகுமான் 'ரோஜா' மூலம் அறிமுகமான ஆண்டு 1992. கொரிய இசைக்குழுவான பிடிஎஸ் அறிமுகமான நாள் 2013 ஜூன் 13. அதை 2013 என்றோ 0613 என்றோ பெறலாம். பார்ப்பவருக்கு அது வெறும் எண். அதே பற்று உள்ளவருக்கு மட்டும் பொருள் விளங்கும். தகட்டின் வடிவம் மாறாததால் இதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை.

எண்ணுக்குள் பொருளை வைக்கும் இந்த முறையைத் தமிழ்த் திரைப்படமும் கையாண்டுள்ளது. ரஜினிகாந்த் நடித்த 'காலா' படத்தின் முதல் சுவரொட்டி 2017 மே மாதம் வெளியானது. அதில் அவர் அமர்ந்திருந்த ஜீப்பின் எண் 'எம்எச் 01 பிஆர் 1956'. 'பிஆர்' என்பது அம்பேத்கரின் பெயர் முன்னெழுத்துகள் என்றும், 1956 அவர் பௌத்தம் தழுவி, மறைந்த ஆண்டு என்றும் பார்வையாளர்கள் உடனே கண்டுகொண்டனர்.

தகட்டில் செய்யக் கூடாதவை

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 50, 51ஆம் விதிகள் தகட்டின் தோற்றத்தை வரையறுக்கின்றன.

நிறம்: சொந்த வாகனத்துக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, வாடகை வாகனத்துக்கு மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து, மின்சார வாகனத்துக்குப் பச்சைப் பின்னணி.

எழுத்து: ஆங்கில எழுத்துகளும் 0 முதல் 9 வரையான எண்களும் மட்டும். தமிழ் எழுத்திலோ தமிழ் எண்களிலோ எழுதிய தகடு, மொழிப் பற்றின் அடையாளமாக இருந்தாலும், விதிப்படி செல்லாது.

அளவு: மோட்டார் சைக்கிளின் முன் தகட்டில் எழுத்தும் எண்ணும் 30 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். பின் தகட்டில் எழுத்து 35 மி.மீ., எண் 40 மி.மீ. மொபெட் போன்ற 70 சி.சி.க்குக் குறைந்த வண்டிகளின் முன் தகட்டுக்கு மட்டும் 15 மி.மீ. போதும்.

எழுத்துகளை வளைத்து எழுதுவது, ஒரு எண்ணைப் பெரிதாக்கி மற்றவற்றைச் சிறிதாக்குவது, படமோ பெயரோ சேர்ப்பது ஆகியவை விதிமீறல்கள். ரசிகர்களிடம் அதிகம் காணப்படும் மீறல், எண்களை எழுத்துபோல் தோன்றச் செய்வதாகும். 8055 என்ற எண்ணைச் சற்று வளைத்தால் ஆங்கிலத்தில் 'பாஸ்' என்று படிக்கலாம். 8 'பி' ஆகவும், 0 'ஓ' ஆகவும், 5 'எஸ்' ஆகவும் தோன்றும். மகாராட்டிரத்தில் 4141 என்பதைத் தேவநாகரியில் 'தாதா' என்று படிக்கும்படி எழுதுவர். எண்ணைப் பெறுவது குற்றமன்று. அதை வேறாகத் தோன்றும்படி எழுதுவதே குற்றம்.

விதிக்கு மாறான தகட்டுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய் வரையும், அடுத்த முறை 1,500 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். சென்னைப் பெருநகரப் போக்குவரத்துக் காவல்துறை, தகட்டிலும் வண்டியிலும் துறை, பதவி, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் ஒட்டுப்படங்கள் மீது 2024 மே 2 முதல் நடவடிக்கை எடுக்கப்படும் என அறிவித்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை 2022 சனவரி முதல் இயங்கும் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தில் உள்ளன. ஆனால் மேற்சொன்ன மத்திய விதிகள் எல்லா ஊர்களுக்கும் பொதுவானவை.

இங்கு ஆவடிக்கே உரிய ஒரு குழப்பத்தைக் குறிப்பிடலாம். பிடிஎஸ் குழுவின் ரசிகர்கள் தம்மை 'ஆர்மி' என்று அழைத்துக்கொள்கின்றனர். ஆவடியோ 1961 முதல் கனரக வாகனத் தொழிற்சாலையும், போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமும், விமானப்படை நிலையமும் உள்ள பாதுகாப்புத் துறை நகரம். இங்கே ஸ்கூட்டரில் 'ஆர்மி' என்று ஒட்டினால் பாட்டுக்குழு யாருக்கும் நினைவுக்கு வராது. இராணுவத்தைச் சேர்ந்தவர் என்றே எண்ணப்படும். உண்மையான இராணுவ வாகனங்களின் எண்ணில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும்.

உயர் பாதுகாப்புத் தகடு

2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்படும் வாகனங்களுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் தகடு கட்டாயம். இது அலுமினியத்தால் ஆனது. இடப்பக்க மேல் மூலையில் அசோகச் சக்கரம் பொறித்த, 20 மி.மீ. அளவுள்ள ஹாலோகிராம் இருக்கும். தகடு ஒவ்வொன்றுக்கும் லேசரால் பொறித்த தனி அடையாள எண் உண்டு. பின்புறத் தகட்டைப் பூட்டும் ஆணியை உடைக்காமல் கழற்ற முடியாது. ரேடியம் ஸ்டிக்கர் கடையில் விரும்பிய வடிவில் எண்ணை வெட்டி ஒட்டும் பழைய பழக்கத்துக்கு இது பெருமளவு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. இத்தகட்டைக் கழற்றிவிட்டு அதேபோல் தோன்றும் ஒன்றைக் கடையில் செய்து மாட்டுவதும் விதிமீறலே.

கண்டிப்புக்குக் காரணம்

எண் தகடு உரிமையாளருக்காக ஏற்பட்டதன்று. சாலையில் உள்ள மற்றவர்களுக்காக ஏற்பட்டது. இதனை விபத்து இழப்பீட்டு முறையைக் கொண்டு புரிந்துகொள்ளலாம்.

ஒருவர் மீது வண்டி மோதி, அவ்வண்டியின் எண் தெரிந்தால், அவரோ அவர் குடும்பமோ மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். வயது, வருமானம், சார்ந்திருப்போர் ஆகியவற்றைக் கணக்கிட்டுத் தீர்ப்பாயம் தொகையை முடிவு செய்யும். வண்டியின் காப்பீட்டு நிறுவனம் அதை வழங்கும். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் கிடைப்பது அரசுத் திட்டத்தின் நிலையான தொகை மட்டுமே. 2022 ஏப்ரல் 1 முதல் இது உயிரிழப்புக்கு 2 இலட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடிந்து நடந்து செல்லும் ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு, படிக்க முடிந்த தகட்டுக்கும் படிக்க முடியாத தகட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

எண்ணைத் தானாகப் படிக்கும் கேமராக்களும் இப்போது பயன்பாட்டில் உள்ளன. சென்னையில் இவை 2019இல் அண்ணா நகரில் நிறுவப்பட்டன. வளைந்த எழுத்தைக் கேமரா தவறாகப் படித்தால், அபராதச் சீட்டு தொடர்பே இல்லாத வேறொருவர் வீட்டுக்குப் போய்ச் சேரக்கூடும்.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 1931இலேயே உரிமையாளரின் பெயர் முன்னெழுத்துகளைத் தகட்டில் அனுமதித்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2 முதல் 8 எழுத்துகள் வரை தேர்ந்தெடுக்கலாம். டென்னசி மாநிலத்தில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் உருவம் பொறித்த தகட்டை அரசே வழங்குகிறது. அதில் கிடைக்கும் நிதி மெம்பிஸ் நகரில் அவர் பெயரில் உள்ள விபத்துச் சிகிச்சை மையத்துக்குச் செல்கிறது.

இசைக்குழுவோடு தொடர்புடைய எண் தகடுகளில் மிகப் புகழ் பெற்றது எவரும் விரும்பிக் கேட்காத ஒன்று. 1969இல் வெளியான பீட்டில்ஸ் குழுவின் 'அபே ரோடு' இசைத்தட்டின் அட்டைப் படத்தில், தெருவோரம் நின்ற ஒரு வோக்ஸ்வேகன் காரின் எண் 'எல்எம்டபிள்யூ 281எஃப்'. அதிலுள்ள 1ஐ 'ஐ' என்ற ஆங்கில எழுத்தாகக் கொண்டு, '28 இஃப்' என்று ரசிகர்கள் படித்தனர். பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டார், உயிரோடிருந்தால் அவருக்கு 28 வயது என்று வதந்தி பரவியது. அப்போது அவருக்கு 27 வயது, நலமாகவும் இருந்தார். ரசிகர்கள் அக்காரின் தகட்டைப் பலமுறை திருடிச் சென்றனர். அக்கார் இப்போது ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க் நகரில் உள்ள வோக்ஸ்வேகன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ரசிகர் அடையாளத்துக்கு உரிய இடங்கள்

தகட்டைத் தவிர வண்டியில் இடம் நிறையவே உண்டு. பைக்கின் பெட்ரோல் டேங்க், பக்கவாட்டுப் பகுதி, மட்கார்டு, தலைக்கவசம், ஆட்டோவின் பின்புற ரெக்சின் ஆகியவற்றில் இசையமைப்பாளர், பாடகர், இசைக்குழு ஆகியோரின் பெயரும் படமும் நெடுநாளாக இடம்பெற்று வருகின்றன. இதில் மூன்று எல்லைகளை நினைவில் கொள்ள வேண்டும். ஒட்டுப்படம் தகட்டையோ விளக்கையோ மறைக்கக் கூடாது. கார் கண்ணாடிகளின் வழியே குறிப்பிட்ட அளவு ஒளி செல்ல வேண்டும். முன், பின் கண்ணாடிகளுக்கு இது 70 விழுக்காடு, பக்கக் கண்ணாடிகளுக்கு 50 விழுக்காடு. வண்டியின் நிறமே மாறும் அளவுக்கு ஒட்டினால், அம்மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவுச் சான்றிதழில் குறிக்கச் செய்ய வேண்டும்.

தகட்டிலேயே பற்றைக் காட்ட விரும்புவோர், வண்டியைப் பதிவு செய்வதற்கு முன்பே விருப்ப எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எண் ஒதுக்கப்பட்ட பின் அதை மாற்ற முடியாது. ஒரு வரிசையில் 1976 என்ற எண் ஒரே ஒரு வண்டிக்குத்தான் கிடைக்கும்.