செயற்கைக்கோள் சமிக்ஞையும் பொழுதுபோக்கு ட்ரோனும்

பிரிட்டனில் வானொலி அலைவரிசைகளை நிர்வகிக்கும் ஆஃப்காம் என்னும் அமைப்பு அவ்வப்போது ஓர் அறிவிப்பை வெளியிடுவதுண்டு. இன்ன தேதிகளில், இன்ன நேரங்களில், இன்ன இடத்தை மையமாகக் கொண்டு, பாதுகாப்பு அமைச்சகம் ஜிபிஎஸ் சமிக்ஞையைத் தடைசெய்யும் பரீட்சை ஒன்றை நடத்தப்போகிறது என்பதே அதன் சாரம். வேல்ஸ் மலைப்பிரதேசத்திலுள்ள செனிபிரிட்ஜ் பயிற்சி நிலம் அத்தகைய அறிவிப்புகளில் பலமுறை இடம்பெற்ற பெயர். 1940-ஆம் ஆண்டு யுத்தகாலத்தில், தலைமுறை தலைமுறையாக அங்கே ஆடு வளர்த்துப் பிழைத்த குடியானவர்களை வெளியேற்றிவிட்டு ராணுவம் எடுத்துக்கொண்ட நிலம் அது. இன்றைய யுத்தகளத்தில் எதிரி முதலில் குலைப்பது இந்தச் சமிக்ஞையைத்தான் என்பதால், அது இல்லாமலேயே காரியமாற்றத் தன் வீரர்களைப் பழக்குவது எந்த ராணுவத்துக்கும் அவசியமாகிவிட்டது. ஆனால் வானொலி அலை பயிற்சி நிலத்தின் வேலியோடு நின்றுவிடுவதில்லை. விடுமுறை நாளில் பக்கத்துக் குன்றின்மேல் ட்ரோன் பறக்கவிட வந்தவரையும் அது தொடுகிறது.

அது எவ்வளவு எளிதாகத் தொடுகிறது என்பதை அறிய, சமிக்ஞையின் பலவீனத்தை அறிய வேண்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்குமேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து புறப்படும் அலை நம்மை வந்து சேரும்போது, கருவியின் உள்ளேயே இயல்பாக எழும் மின் இரைச்சலைக் காட்டிலும் மெலிந்து போயிருக்கிறது. நுட்பமான கணிதத்தின் துணையால்தான் அதை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கி அலறும்போது காதோடு சொல்லப்படும் ரகசியத்தின் கதிதான், அதே 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு சிறு ஜாமர் இயங்கும்போது இந்தச் சமிக்ஞைக்கும் நேர்கிறது. ஐரோப்பியரின் கலிலியோ இருக்கிறதே, சீனரின் பெய்டோ இருக்கிறதே என்று கேட்கலாம்; அவையும் பொதுஜன உபயோகத்துக்கு இதே அலைவரிசையிலோ இதை ஒட்டிய அலைவரிசைகளிலோ சமிக்ஞை அனுப்புவதால், ஒன்று மறைந்தால் மற்றவையும் கூடவே மறைவது சகஜம்.

சமிக்ஞை போனவுடன் ட்ரோன் கல்லைப் போல விழுந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. சாயாமல் சமநிலையில் நிற்பதற்கு அதற்கு ஜைரோஸ்கோப்பும் முடுக்கமானியும் போதும், உயரத்தைக் காப்பதற்குக் காற்றழுத்தமானி போதும், திசை அறிய காந்தத் திசைமானி போதும். செயற்கைக்கோள் அளிப்பது ஒன்றே ஒன்று: நிற்கும் இடம். அது போய்விட்டால், கைவிசையை விட்டவுடன் ஆணி அடித்தாற்போல் அந்தரத்தில் நிற்கும் அந்த வித்தையை ட்ரோன் மறந்துவிடுகிறது. காற்று எப்பக்கம் வீசுகிறதோ அப்பக்கம் மெல்ல நகரத் தொடங்குகிறது. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று நமக்குச் சுகமான தென்றல்தான்; ஆனால் அந்தத் தென்றல் ஒரு நிமிஷத்தில் ட்ரோனை ஏறத்தாழ 300 மீட்டர் தூரம் அடித்துச் சென்றுவிடும். திரையில் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை சரசரவென்று குறைகிறது, எச்சரிக்கை ஒலிக்கிறது, பறக்கவிட்டவர் பதறிப்போய் ‘வீடு திரும்பு’ பொத்தானை அழுத்துகிறார். தான் எங்கே இருக்கிறோம் என்றே அறியாத யந்திரம் வீட்டுக்கு எவ்வாறு வழி காணும்? நிலத்தைப் பார்த்து நிலைகொள்ளும் காமிரா இருக்கிறதே என்றால், அது தாழ்ந்த உயரத்தில், வெளிச்சம் உள்ள இடத்தில்தான் உதவும். ஏரியின் நீர்ப்பரப்புக்குமேல் அதுவும் ஏமாந்துபோகும்.

இதில் பெரும்பாலோர் கவனியாத ஒரு சூட்சுமம் உண்டு. தரையிலிருந்து எழும் தடை அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. இடையில் குன்றோ கட்டடமோ இருந்தால் பெரிதும் மறைக்கப்படுவது. சமவெளியில் 2 மீட்டர் உயரத்தில் வைத்த ஏற்பிக்கு வானொலித் தொடுவானம், அதாவது தரையிலிருந்து வரும் அலை எட்டும் எல்லை, சுமார் 6 கிலோமீட்டர் தூரத்தில் முடிந்துவிட, 100 மீட்டர் உயரே போன ட்ரோனுக்கோ அது 41 கிலோமீட்டர் வரை விரிகிறது. ஆகவே மலைச்சரிவின் மறைவில் நிற்பவர் கையிலுள்ள செல்போன் தன் இடத்தைத் துல்லியமாகக் காட்டிக்கொண்டிருக்கும் அதே கணத்தில், அவர் தலைக்குமேல் பறக்கும் ட்ரோன் எல்லாவற்றையும் இழந்திருக்கக்கூடும். புறப்படுமுன் தரையில் வைத்து எல்லாம் சரியாக இருக்கிறதென்று பார்த்துவிட்டேன் என்னும் சமாதானம் இங்கே செல்லாது.

சமிக்ஞை அடியோடு மறைவதைவிட, அரைகுறையாகக் கெடுவது அதிக அபாயம். 2008-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஃபிளாம்பரோ முனைக்கு அப்பால், கலங்கரை விளக்க அதிகாரிகள் ‘போல் ஸ்டார்’ என்ற தங்கள் கப்பலையே பரீட்சைக்கு உட்படுத்தி, கரையிலிருந்து தடை அலையை ஏவச் செய்தார்கள். கப்பலின் சாதனங்கள் பல ஒரே சமயத்தில் அபாய ஒலி எழுப்பின என்பது ஒரு புறமிருக்க, சில கருவிகள் சிறிதும் தயங்காமல் பிழையான இடத்தைக் காட்டின என்பதே அந்தப் பரீட்சை கற்பித்த பாடம். ட்ரோன் உலகில் சமிக்ஞைத் தடைக்குப் பிரசித்தமான உதாரணம் ஹாங்காங்கில் நேர்ந்தது: 2018 அக்டோபரில் விக்டோரியா துறைமுகத்தில் நடந்த ஒளிக்காட்சியின்போது 46 ட்ரோன்கள் கடலில் விழுந்தன, ஜிபிஎஸ் சமிக்ஞை தடுக்கப்பட்டதே காரணம் என்று ஏற்பாட்டாளர்கள் அறிவித்தார்கள்.

ராணுவத்தின் மேல் குறைசொல்வது எளிது. சில சமயம் அது நியாயமும்கூட. 2011-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்கு அருகே நடந்த ‘ஜாயின்ட் வாரியர்’ பயிற்சியில், மீனவர்கள் முறையிட்டதன்மேல் தடைப் பரீட்சை நிறுத்திவைக்கப்பட்டது. ஆயினும் தேதியும் இடமும் முன்கூட்டிச் சொல்லி நடத்தப்படும் பரீட்சையைப் பொறுத்தவரை, பாதிப் பொறுப்பு பறக்கவிடுபவருடையதுதான் என்பது என் கருத்து. மறுபாதியை யந்திரம் செய்வோர் மேல் சுமத்தலாம்: இட உதவியைத் தாமே அணைத்துவிட்டுப் பறந்து பழகுவதற்கான விசையைச் சிறிய ட்ரோன்கள் பலவற்றில் அவர்கள் வைப்பதே இல்லை. அதனால் சமிக்ஞை இல்லாமல் பறப்பது எப்படியிருக்கும் என்பதை, அது தற்செயலாகப் பறிபோகும் அந்த நிமிஷத்தில்தான் அநேகர் முதன்முதலாக அறிகிறார்கள். தாமே பாகங்களைச் சேர்த்துப் பந்தய ட்ரோன் செய்து ஓட்டும் இளைஞர்கள் இவ்விஷயத்தில் பாக்கியசாலிகள். அவர்கள் முதல் நாளிலிருந்தே கையை நம்பிப் பறப்பவர்கள்.

மற்றவர்களும் அந்தப் பழக்கத்தைச் சொற்பச் செலவில் பெறலாம். ஜிபிஎஸ் இல்லாத சிறு விளையாட்டு ட்ரோன் ஒன்றை வாங்கி, இலேசான காற்றில், திறந்த மைதானத்தில், கண்பார்வைக்குள் பறக்கவிட்டு, நகர்ச்சியை எதிர்விசையால் நிறுத்தவும், அதன் முகம் நம்மை நோக்கியிருக்கும்போது இடமும் வலமும் மாறிப்போவதைச் சமாளிக்கவும் கை பழகினால் போதும். பெரிய ட்ரோனில் சமிக்ஞை போய்விட்டாலோ, முதற்காரியம் வீடு திரும்பும் பொத்தானைத் தேடுவதன்று. உயரத்தைக் குறைத்து, காற்றுக்கு எதிராக விசையைச் சாய்த்து, கண்ணால் பார்த்தபடியே அருகில் வெறுமையான இடத்தில் இறக்கிவிடுவதாகும். பரீட்சை அறிவிக்கப்பட்ட நாளில், அந்த வட்டாரத்தில் இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுக்காமலிருப்பதே நல்லது.