தறியும் தவணையும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ள ஐயம்பேட்டையில், பரம்பரையாகப் பட்டுத்தறியையே ஜீவனமாகக் கொண்ட குடும்பத்துப் பிள்ளைகள் பொழுது புலருமுன்னே கம்பெனி பஸ்ஸுக்காக வந்து நிற்பதைக் காண்போர்க்கு, வளரும் நாடுகளின் இளம் நுகர்வோர் வர்க்கம் என்று பொருளாதார நிபுணர்கள் பேசும் பெருங்கூட்டம் எங்கிருந்து பிறந்தது என்பது பிரத்தியட்சமாக விளங்கும். நம் தேச மக்களில் பாதிப் பேர் சுமார் 28 வயதுக்கு உட்பட்டவர்கள். 1991-ஆம் ஆண்டின் பொருளாதார மாறுதல்களுக்குப் பின், 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை எழுந்தது. இவ்விதம் நெசவு கிராமங்களைச் சுற்றி ஒரு புதிய உலகம் தோன்றியது. சீனத்து ஷென்சென்னிலும் வியட்நாமின் பாக் நின்னிலும் நடந்த காரியமும் ஏறக்குறைய இதுவே.

வருமானத்தின் அளவைவிட அது வந்து சேரும் முறையே மனிதனை நுகர்வோனாக்குகிறது என்பது என் அபிப்பிராயம். தறிக்காரர் பாவு வாங்கி, பிணைத்து, நாட்கணக்கில் மிதிபலகையில் கால் வைத்து உழைத்துச் சேலையை அறுத்துக் கொடுத்த பின்னரே கூலி காண்பார். மழைக்காலத்தில் குழித்தறியில் நீர் ஊறினால் வேலை நின்றுவிடும். வீட்டில் கல்யாணமோ வியாதியோ வந்தால் முதலாளியிடம் முன்பணம் வாங்குவார். அந்த முன்பணம் தீரும்வரை வேறிடம் செல்ல இயலாது. இத்தகைய வாழ்வில் அடுத்த ஆண்டுக்குரிய பொருளை இன்று வாங்குவது எங்ஙனம்? மகனுக்கோ மாதந்தோறும் குறித்த தேதியில் சம்பளம் வங்கிக்கு வருகிறது. சம்பளச் சீட்டை நீட்டியதும், தகப்பனாரின் முப்பதாண்டுத் திறமைக்குக் கிட்டாத கடன் அவனுக்குக் கிடைத்துவிடுகிறது. பைக்கும், செல்போனும், துணி துவைக்கும் இயந்திரமும் மாதத் தவணையில் வீடு வந்து சேர்கின்றன. 2016-இல் தொடங்கிய யூபிஐயும், அதே ஆண்டு வந்த மலிவான இணைய சேவையும் அந்த வேகத்தைப் பன்மடங்காக்கின. இதை ஆடம்பரம் என்று இகழ எனக்கு மனம் ஒப்பவில்லை. விடியற்காலை முதல் வீட்டு வேலையும், அதன்பின் தறி வேலையும் பார்த்து இடுப்பொடிந்த தாய்க்கு ஓர் இயந்திரம் தரும் ஓய்வு சாமானியமானதன்று.

ஆயினும் அந்த மாதச் சம்பளம் எவ்வளவு ஸ்திரமற்றது என்பதையும் இப்பிரதேசம் கண்டிருக்கிறது. நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட் வசம், வரி வழக்கில் சிக்கியதால் போகாமல் தனித்து நின்ற ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது, ஆயிரக்கணக்கான இளைஞரும் யுவதிகளும் ஜீவனோபாயம் இழந்தனர். சம்பளம் நின்றாலும் தவணை நிற்பதில்லை. 2024-இல், குளிர்பதனப் பெட்டிகளையும் துவைக்கும் இயந்திரங்களையும் செய்யும் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள், சங்கத்துக்கு அங்கீகாரமும் ஊதிய உயர்வும் கோரி 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நுகர்வோர் என்று புள்ளிவிவரம் காட்டும் மனிதர் தொழிலாளியுமாவார் என்பதை அந்த நாட்கள் தெளிவாக்கின.

இந்த நுகர்வோர் வர்க்கம் வளர்வதால் பட்டுக்கும் கிராக்கி உண்டு. கைநிறையச் சம்பாதிக்கும் பெண்கள், கல்யாணத்துக்கென்று காத்திராமல், இலேசான பட்டுச் சேலைகளைக் கைப்பேசியில் பார்த்தே தருவிக்கிறார்கள்; புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டின் பெயருக்கு மதிப்பு குறையவில்லை. குறைந்திருப்பது கைகள். உடலும் கரையும் வெவ்வேறு வர்ணமாக அமைந்து இழையோடு இழை பின்னும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாவும் இருவர் உழைப்பும் வேண்டும். முன்னாளில் பள்ளிக்கூடம் செல்லாத சிறுவர்கள் பக்கத்தில் அமர்ந்து கரை நாடா வீசினார்கள். அந்தக் கொடுமை பெரும்பாலும் ஒழிந்தது நம் பாக்கியம். ஆனால் அவ்விடத்தில் அமர வேண்டிய வயதுவந்த துணை நெசவாளர் இன்று கம்பெனி வேலையில் இருக்கிறார். கூட்டுறவுச் சங்கங்களும் அரசாங்கமும், பரிசுகளுக்கும் பாராட்டுகளுக்கும் செலுத்தும் சிரத்தையில் ஒரு பகுதியையேனும் இக்குறையைத் தீர்ப்பதில் செலுத்தி, கோர்வை பயிலும் இளைஞருக்குச் சேலைக் கணக்கை விட்டு மாதக் கணக்கில் ஊதியமும், வருங்கால வைப்பு நிதியும், வங்கி ஏற்கும் சம்பளச் சீட்டும் வழங்க வேண்டும். அது கிடைத்தால், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களில் சிலரேனும் தறிக்குத் திரும்ப யோசிப்பார்கள்.